மாட்டுக்கொட்டகையில் முளைத்த காளான்

கல்லாவி,
ஞாயிறு.

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீங்கள் பெங்களூர் மில்லில் சேர்ந்துவிட்டதாகத் துணி வியாபாரி கரீம் பாய் வந்து சொன்னார். நீங்களே எழுதியிருக்கலாம்.

கோயம்புத்தூரிலிருந்து புட்டியில் கொண்டுவந்த காளான் விதையைத் தூவி நீங்கள் மாட்டுக்கொட்டகையில் போட்ட வைக்கோல் படுக்கையை, "வூட்டுக்குள்ள வெஷம் வளக்கிறியா" என்று, பெற்ற மகன் என்றும் பாராமல் மாமா உதைத்துக் கலைத்தார். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நான்தான் அதை அள்ளி மறுபடி அடுக்கிச் சாக்குப் போட்டு மூடினேன். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. இறைத்து இறைத்துத் தோள் விட்டுப்போகிறது. ஆனாலும் தினமும் தெளித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

புதன்கிழமை முளைத்திருந்தது. சாம்பல் நிறத்தில், சின்னக் கோழிமுட்டை மாதிரி. எதிர்வீட்டு மங்கம்மா அக்கா, "நாய்க்குடைடி அது, தின்னா செத்துப்பூடுவ" என்றாள். அன்றைக்கு எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. மிளகு போட்டு வதக்கி, மாமாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மாமா அன்று வயலுக்குப் போகவில்லை. பொழுது சாயும் வரை நான் போகும் இடமெல்லாம் பின்னாலேயே வந்தார். "வயிறு வலிக்குதாம்மா? தல சுத்துதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் தட்டை நீட்டி, "எனக்கும் கொஞ்சம் வையி" என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அவனுக்கு இது புடிக்குமா?" என்று கேட்டார்.

கடிதம் எழுதிக் கேட்கிறேன் என்றேன். நீங்கள் இன்னும் ஒன்றுகூடச் சாப்பிடவில்லையே.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்