காப்புக்கட்டன்று கழுவிய மூன்று படங்கள்

என் உயிரான அண்ணாவுக்கு,

நம் ஊர் எலப்புள்ளியில் இன்னும் மழை இல்லை. நீங்கள் போய் வருடம் திரும்பப் போகிறது. இந்த வெயிலைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

மூக்கும் முழியுமாக ஒன்றையும் வரையாத உங்களை ஓவியர் என்று ஊரில் யார் ஒத்துக்கொண்டார்கள்? நானே ஒத்துக்கொள்ளவில்லை. வருடா வருடம் கார்த்திகையில் ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போவீர்கள். ஆள் அரவமற்ற இடத்தில் துணியை விரித்து, அரிசிக் கஞ்சி பூசி, காற்று மணலை வாரி எறியும்வரை நாள்கணக்காகக் காத்திருப்பீர்களாம். அந்த மணலின் மேல்தான் வண்ணம் வைப்பீர்களாம். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

போன வருடப் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டு. கூரை எரவானத்தில் வேப்பிலையும் பூளைப்பூவும் செருகுவதற்குள் வீட்டில் ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாதே நமக்கு. தோட்டத்துச் சாளை வீட்டில் நீங்கள் சாத்தி வைத்திருந்த மூன்று படங்களிலும் மண் அப்பிக் கிடந்தது. நல்லது செய்வதாக நினைத்து, மோட்டாரைப் போட்டு ஓஸ் பைப்பைத் திருப்பினேன். கஞ்சி, மணல், வண்ணம் எல்லாம் வாய்க்காலோடு போய்விட்டது.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். ஒரு அறை விட்டிருக்கலாம். “சரி உடு அம்மிணி, மறுக்கா போயிட்டு வந்தாப் போச்சு” என்றீர்கள். கொச்சியில் உங்கள் படங்களின் கண்காட்சி நெருங்குகிறது என்று பங்குனி வெயிலில் கிளம்பினீர்கள். “வெயில் தாழட்டுமுங்ண்ணா” என்று வாயளவில் சொன்னதோடு நான் ஏன் நிறுத்தினேன்?

வெயிலில் சுருண்டு விழுந்த உங்களை ஒட்டகம் மேய்ப்பவர்கள் கண்டெடுக்க இரண்டு நாள் ஆகிவிட்டது. பெட்டியைத் திறக்க விடவில்லை. முகம் பார்க்காமலே கொள்ளி வைத்தோம்.

போன வாரம், தள்ளிப்போன அந்தக் கண்காட்சியை நடத்தும் பெண் கொச்சியிலிருந்து வந்தார். கழுவிய படங்களின் முன் வெகுநேரம் நின்றார். “சேச்சி, சாரோட படங்கள்லயே ஏற்றவும் நல்ல படம் இதாணு. எல்லாத்தையும் துடைச்சுக் களஞ்சிருக்கார். மரணம் வருதுன்னு முன்னமே தெரிஞ்சிருக்கு” என்று கண் கலங்கினார்.

என் வீட்டுக்காரர் என்னை உள்ளே கூப்பிட்டு, “பேசாம இரு புள்ள, மச்சான் பேரு நல்லாருக்கட்டும்” என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை அண்ணா. உங்களை அந்த வெயிலுக்கு அனுப்பியது என் கை. அந்தக் கை செய்ததை உங்கள் பெயரில் மாட்டவும் விடுவதா?

உங்கள் உடலோடு ஒரு துணிச்சுருளும் வந்தது. நீங்கள் கடைசியாக விரித்தது என்றார்கள். நான் இன்னும் பிரிக்கவில்லை. உங்களுக்குக் காற்று வந்து சேர்ந்ததா, வெறும் கஞ்சிதான் காய்ந்ததா?

நாளைக் காலையில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றும் சுவரேறாது. சுருளை அவர் கையில் கொடுப்பேன், தட்டாமல், துடைக்காமல். அதில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அது நீங்கள் வரைந்தது. இது சத்தியம்.

உங்களிடம் கடைசியாக ஒருமுறை திட்டுக்கூட வாங்காமல் உங்களை அனுப்பிவிட்ட தங்கச்சி,
சரசு