உப்புத் தண்ணீர்க் குறிப்பின் கடைசி வரி

ரீச்சர்,

நீங்கள் இருபத்தேழு வருடம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கட்டி முடித்திருக்கும் மனைப்பொருளியல் அறைக்கு உங்கள் பெயரை வைப்பது தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. அறையைக் கட்டிக் கொடுத்த பழைய மாணவிகள் சங்கம் கடந்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் எடுத்த முடிவு இது. செயலாளர் கூட்டக் குறிப்பைத் தொலைபேசியில் எனக்கு வாசித்தார். "மாற்று அபிப்பிராயம் இருப்பதால்" என்பதற்கு மேல் காரணம் எழுதப்படவில்லை. என்ன அபிப்பிராயம் என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாததே, அண்ணை. அந்த உப்புத் தண்ணிக் கதைதான்."

எனக்குத் தெரியும். முழுவதும் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் நீங்கள். இன்று சனிக்கிழமை, நீங்கள் எங்களை விட்டுப் போய் இருபது நாள்.

என் மேசையில் உங்கள் கையெழுத்தில் ஒரு கொப்பித் தாள் விரித்தபடி கிடக்கிறது. நாலாக மடித்த இடங்களில் பிய்ந்து போயிருக்கிறது. உங்கள் நீல மை வெளிறி விட்டது. கடைசி வரிக்குக் குறுக்கே போட்ட சிவப்புக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கோடு என்னுடையது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு நினைவுப் புத்தகத்தில் உங்கள் வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி உங்கள் பெறாமகள் கேட்டார். பேப்பரில் எழுதின கை, உங்களுக்கு லேசுதானே என்றார். முதற்பக்கம் லேசாகத்தான் வந்தது.

கோப்பாயில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தீர்கள். கொழும்பில் மனைவிஞ்ஞானம் படித்துத் திரும்பியபோது, அந்தப் பாடத்துக்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியைகள் குடாநாட்டில் மிகச் சிலர். சோறு காய்ச்சப் பழக்க வீட்டில் ஆள் இருக்கு, பிள்ளைக்குக் கணக்கைப் படிப்பியுங்கோ என்று பெற்றோர் அதிபரிடம் வந்து நின்றார்களாம். நீங்கள் முதல் மாதம் முழுக்க அடுப்பே மூட்டவில்லை. வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளையும் ஆளுக்கு ஒரு பிடி அரிசி அள்ள வைத்து, ஒவ்வொரு பிடியையும் தராசில் நிறுத்துக் கரும்பலகையில் எழுதினீர்கள். ஒன்றுகூட மற்றதோடு ஒத்து வரவில்லை. "உன்ரை கை உனக்குத்தான் தெரியும். காணாத ஒருத்திக்குச் சொல்லிக் குடுக்கிறதெண்டால் அளவு வேணும்." இதை எனக்கும் ஒருமுறை சொன்னீர்கள். உங்கள் குறிப்பு ஒன்றில் இருந்த அளவை எடுத்துவிட்டு, "தேவையான அளவு உப்பு" என்று நான் சுருக்கியிருந்தேன்.

பாடம் பார்க்க வந்த வித்தியாதரிசி சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்து, பிட்டையும் கத்தரிக்காய்க் கறியையும் புகழ்ந்து, ஒரு கொப்பியையும் திறக்காமல் கையெழுத்து வைத்தாராம். அடுத்த முறை சாப்பிட்டுவிட்டு வாருங்கோ சேர், அப்பதான் பாடம் தெரியும் என்று சொல்லி, அதற்குத் தண்டனை மாற்றமாக இரண்டு வருடம் தூரப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தீர்கள். அந்தக் கதையை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் முடிப்பீர்கள்: "பிட்டு நல்லாத்தான் இருந்தது."

வேலையில் இளைப்பாறிய பிறகு, போர்த் தடையால் ஒரு சாமானும் குடாநாட்டுக்குள் வராத காலத்தில், நான் வேலை செய்த பத்திரிகைக்கு வாரம் ஒரு குறிப்பு எழுதினீர்கள். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்ப்பது, குறைந்த விறகில் பருப்பு அவிப்பது. எல்லாம் அளவோடு. அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு நான்.

இரண்டாவது பக்கத்தில் என் கை நின்று விட்டது.

சண்டை நெருங்கியபோது வலிகாமம் முழுக்க வீடுகளை விட்டு வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. கொடிகாமத்தில் பள்ளிக்கூடம், கோயில் மடம், மரத்தடி எல்லாம் சனம். மழையில் கிணறுகள் கலங்கின. குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியபோது மருந்தும் இல்லை. நீங்கள் உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் செய்யும் முறையை எழுதி, நடந்து வந்து என் கையில் தந்தீர்கள். நாங்கள் ஒரு கடையின் பின்பக்கத்தில் மிதி அச்சு யந்திரம் வைத்து, கொப்பித் தாளில் ஒற்றைப் பக்கமாகப் பத்திரிகை அடித்துக் கொண்டிருந்தோம்.

உங்கள் குறிப்பில் எட்டு வரி. கொதித்து ஆறிய தண்ணீர் எவ்வளவு, சீனி எத்தனை தேக்கரண்டி, உப்பு எவ்வளவு என்று ஏழு வரி. எட்டாவது இது: "குழந்தைக்குக் கொடுக்க முன் நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது."

ஒரு வரி கூடுகிறது என்றார் அச்சுக் கோர்ப்பவர். நான் எட்டாவதை வெட்டினேன். இடம் மட்டும் காரணமில்லை, ரீச்சர். ஏழும் தகவல், இது அலங்காரம் என்று நினைத்தேன். அந்த மாதம் எழுதிக் கொண்டு வந்தவர்கள் எல்லாரும் கண்ணீர் என்றுதான் எழுதிக் கொண்டு வந்தார்கள். அந்தச் சொல்லைக் கண்டால் வெட்டப் பழகியிருந்தேன்.

குறிப்பு அச்சாகி ஐந்தாம் நாள், அடுத்த குறிப்பு வாங்க நான் உங்களிடம் வந்து நின்றபோது, அச்சுவேலியிலிருந்து நடந்து வந்த ஓர் இளம் தாய் எங்கள் பத்திரிகைத் தாளோடு வந்தார். மற்றக் கையில் ஒரு கறிக் கரண்டி. பதினொரு மாதப் பெண் குழந்தையை முதல் நாள் புதைத்திருந்தார். தேக்கரண்டி எங்கும் கிடைக்கவில்லை என்றார். "இதிலை நுனியிலை கொஞ்சம்தான் போட்டனான், ரீச்சர்," என்று கரண்டியை நீட்டிக் காட்டினார்.

உப்புத்தான் காரணம் என்று எந்த டொக்டரும் எழுதித் தரவில்லை. வயிற்றோட்டம் குழந்தையை ஏற்கெனவே வற்ற வைத்திருந்தது. உப்புக் கூடிப் போச்சு என்று ஒரு தாதி சொன்னதாக அந்தத் தாய் சொன்னார். அதற்கு மேல் உறுதி செய்ய அன்று முடியவில்லை. இன்றும் முடியாது.

நீங்கள் தாளை வாங்கி ஏழு வரியையும் வாசித்தீர்கள். எட்டாவதைத் தேடித் தாளின் பின்பக்கத்தையும் பார்த்தீர்கள். பிறகு என்னை ஒருமுறை பார்த்தீர்கள்.

"நான்தான் பிள்ளை எழுதினனான்," என்றீர்கள் அவரிடம். "என்ரை பிழை."

நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன்.

அவர் போன பிறகு நீங்கள் என்னைத் திட்டவில்லை. எத்தனை தாள் வெளியில் போனது, எந்தெந்தப் பக்கம் போனது என்று கேட்டீர்கள். நாளைக்கே திருத்தம் போடுகிறேன் என்றேன். வரியை மட்டும் போடு, பிழை வந்ததைச் சொல்லாதே என்றீர்கள். "பேப்பர் பிழை எண்டு கேள்விப்பட்டால் சனம் உப்புத் தண்ணியையே விட்டிடும். மற்றக் குழந்தையளும் போகும், தம்பி." அன்று பின்னேரம் எங்களிடம் தாள் முடிந்தது. பத்திரிகை திரும்ப வர மாதங்கள் ஆகின. திருத்தம் வரவேயில்லை. நோய் போன பின்னும், சண்டை ஓய்ந்த பின்னும், உங்கள் அந்தச் சொல்லின் பின்னால் நான் வசதியாக இருந்து கொண்டேன்.

நீங்கள் மறுநாளே ஒரு வாளியோடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக நடந்தீர்கள். ஒவ்வொரு தாயையும் கலக்க வைத்து, நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். கண்ணீர் மாதிரி இருக்கோ, அதைவிடக் கரிச்சால் வெளியிலை ஊத்து என்று நீங்கள் சொல்லிக் கொண்டு வர, வரிசையில் நின்ற ஒருத்தி, "ரீச்சர், அந்த ருசியை எங்களுக்கு ஆரும் சொல்லித் தர வேணுமோ?" என்றாள். வரிசை சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். எட்டாவது வரி எதற்கு எழுதப்பட்டது என்று அங்கே நின்றுதான் விளங்கிக் கொண்டேன். நடந்து வந்த சனத்திடம் தேக்கரண்டி இல்லை. நாக்கு இருந்தது.

சனம் ஊருக்குத் திரும்பியபோது கதையும் கூடவே திரும்பியது. உப்புத் தண்ணி ரீச்சர் என்றார்கள். பாடப் புத்தகம் எழுதும் குழுவுக்கு உங்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு எதிராக ஒரு பெட்டிசம் போனதும், வர வேண்டாம் என்றார்கள். அதன் பிறகு நீங்கள் பத்திரிகைக்கு ஒரு வரியும் எழுதவில்லை. உங்களைப் பார்க்க வரும்போது இரண்டொரு முறை நான் கதையைத் தொடங்கினேன். "தேத்தண்ணி ஆறுது, தம்பி," என்பீர்கள். நான் குடிப்பேன்.

நேற்றுக் காலை அந்தத் தாயைப் பார்க்கப் போனேன். அச்சுவேலியில் வெங்காயத் தோட்டக் கரையில் வீடு. கணவர் செத்து நாலு வருடம். உங்கள் தாளைக் கொடுத்து, சிவப்புக் கோடு போட்டவன் நான் என்றேன். உள்ளே போய்க் கண்ணாடி எடுத்து வந்து எட்டு வரியும் வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்து இன்னொரு முறை வாசித்தார்.

"என்ரை மனிசன் சாகுமட்டும் என்னைத்தான் சொன்னவர், அண்ணை. வாசிக்கத் தெரிஞ்சும் ஒழுங்காய் வாசிக்கேல்லை எண்டு." தாளை மடித்தார். "நான் எல்லா வரியும் வாசிச்சுத்தான் செய்தனான்."

ஊர் உங்களைக் குறை சொன்னது எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்குள் இன்னொருவர் இத்தனை வருடம் பழிச்சொல் கேட்டுக் கொண்டிருந்தது தெரியாது. நாற்பது வருடம் விசாரித்துப் பிழைத்தவன், இதை விசாரிக்கவில்லை. அவர் என்னை இருக்கச் சொல்லவில்லை. குழந்தையின் பெயரைக் கல்வெட்டில் போடலாமா என்று நின்றபடியே கேட்டேன். மகனிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும், மகன் வியாழக்கிழமை வருவான் என்றார்.

இரண்டாவது பக்கத்தை இன்று காலை எழுதி முடித்தேன். எட்டு வரியும் நீங்கள் எழுதியபடி இருக்கிறது. எட்டாவதை வெட்டியவன் பெயர் இருக்கிறது. ஏழு வரியையும் அந்தத் தாய் சரியாக வாசித்தார் என்றும் இருக்கிறது. உங்கள் பெறாமகள் வாசித்துவிட்டு, இது அந்தியேட்டிக்குக் கொடுக்கிற புத்தகம் அண்ணை என்று மட்டும் சொன்னார். பிறகு, போடுங்கோ என்றார். அச்சகக்காரர் பக்கம் கூடுகிறது, எதையாவது வெட்டச் சொன்னார். உங்கள் பதவிகளின் பட்டியலை வெட்டச் சொன்னேன்.

எத்தனை தாள் வெளியில் போனது என்ற உங்கள் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

பழைய மாணவிகள் சங்கம் அந்தியேட்டிக்குப் பிறகு திரும்பக் கூடும். நாள் இன்னும் குறிக்கவில்லை என்றார் செயலாளர். கல்வெட்டு வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டாவது பக்கத்தில் குழந்தையின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன். வியாழக்கிழமை பின்னேரம் தெரியும்.