பக்கம் 212-இல் உன் பெயர்

என் அப்பாவுக்கு,

உன் பெண் வக்கீல் என்று ஆம்பூர் முழுக்கச் சொல்லித் திரிந்தாயே, இல்லப்பா, நான் பாராலீகல். சென்னையில் ஒரு பெரிய வக்கீல் நிறுவனத்தில் வழக்குக் காகிதங்களை அடுக்கி, பக்க எண் போட்டு, கோர்ட்டில் தாக்கல் செய்யத் தயாராக்குவது என் வேலை. எத்தனை தடவை சொன்னாலும் நீ திருத்திக்கொள்ளவில்லை.

போன வாரம் வந்த கேஸ் கட்டில் நீ தோல் பதனிடும் வேலை பார்த்த டேனரியின் பெயர் இருந்தது. நீ கண்ணை மூடிய மறுவருஷம் கழிவுத் தொட்டியில் மயங்கி விழுந்து செத்தாரே உன் தோஸ்த் பஷீர் மாமா, அவருக்காக அவர் மனைவி ஷகிலா அத்தை போட்ட வழக்கு. நாங்கள் கம்பெனி பக்கம். எல்லோருக்கும் மாஸ்க், கையுறை கொடுத்தோம் என்று கம்பெனி ஒரு பழைய பதிவேட்டை அனுப்பியிருக்கிறது. வாங்கிக்கொண்டதற்கு ஆளாளுக்குக் கைரேகை. மாமாவுக்கு அடுத்த வரியில் நீ.

உன் பெயரைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. 212 என்று எண் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். சனிக்கிழமை ஊருக்கு வரும்போது, ரயில் காட்பாடி தாண்டியபோதுதான் உறைத்தது. அந்த ரேகை அவ்வளவு தெளிவு, ஒவ்வொரு கோடாக எண்ணலாம்.

உனக்கு ஏதுப்பா ரேகை? இருபது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டிய கை. ரேஷன் கடை மெஷின் உன் விரலை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. "எங்க ரேகைய எல்லாம் தொட்டி தின்னுடுச்சும்மா" என்று நீ சொன்னால் வரிசையே சிரிக்கும். அம்மா வந்து விரல் வைத்தால்தான் அரிசி.

அப்படியானால் அது யார் விரல்? நீங்கள் இரண்டு பேரும் இல்லை என்ற தைரியத்தில் வைத்தார்களா? நாலு நாளாக அது என்னை விடவில்லை. தண்ணீர் டம்ளரில், லிஃப்ட் பொத்தானில், நான் தொட்ட இடமெல்லாம் அது இருக்கிறது. சீனியர் மேடம், இந்தப் பதிவேடு ஒன்றே போதும், கேஸ் முடிந்தது என்றார். பயந்துபோய்த் தலையாட்டினேன்.

ஊரில் நேரில் சொல்லத் தைரியம் வராமல், நேற்றுதான் அம்மாவிடம் போனில் சொன்னேன். "வேல போனா வேற பாத்துக்கலாம். ஷகிலா மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?" என்றாள்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. கட்டு வந்த அன்றே, இந்த வழக்கில் யாரையாவது தெரியுமா, கம்பெனியோடு ஏதாவது தொடர்பு உண்டா என்று எங்கள் எல்லோரிடமும் எழுதி வாங்கினார்கள். எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பாவுக்குத் தோல் வியாபாரம் என்றுதான் ஆபீஸில் சொல்லி வைத்திருந்தேன். உன் பெயரில் பொய் சொன்னது அந்தப் பதிவேடு மட்டும் இல்லை.

நாளைக் காலையில் மேடம் மேஜையில் ஒரு கடிதம் வைப்பேன். அது உன் ரேகை இல்லை என்று எழுதுவேன். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்கான பதிலை முதலிலேயே எழுதிவிடுவேன், இங்கே எழுதுகிற மாதிரியே.

டேனரித் தொழிலாளி முனுசாமியின் மகள்,
செல்வி