நீ விலகி நின்ற நாள்

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் முகாமில் டாக்டர் என் இடது காலில் அளவு நாடாவை வைத்தார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அதன் குளிர்ச்சி இறங்கியபோது நீ நினைவுக்கு வந்தாய். முதல் முறை இப்படி அளந்த அன்று நீ பக்கத்தில் நின்றுகொண்டு, "சார், அப்படியே ஒரு ஜாக்கெட்டுக்கும் அளவெடுத்துருங்க" என்று சொல்லி, கடுகடுவென்றிருந்த அந்த டாக்டரையே சிரிக்க வைத்தாய். இன்று யாரும் சிரிக்கவில்லை.

என் பழைய ஊனமுற்றோர் அடையாளப் புத்தகம் இனிச் செல்லாதாம். புது அட்டை வேண்டுமானால் மறுபடியும் நடந்து காட்ட வேண்டும். ஊனம் நாற்பது சதவீதத்துக்குக் கீழே என்று எழுதிவிட்டால் பஸ் பாஸ் உட்பட எந்தச் சலுகையும் கிடையாது. வரிசையில் இருந்த எல்லோருக்கும் ஒரு துணை இருந்தது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் என் கைப்பை இருந்தது.

கல்லூரிக்குப் போகும்போது நீ எப்போதும் என் இடது பக்கம்தான் வருவாய். அண்ணன்மாரெல்லாம் ராணுவத்தில் இருந்த, சுந்தரபாண்டியம் ஊர்ப் பெண் நீ. தனியாக விட்டால் உன் நடையை யாரும் எட்டிப் பிடிக்க முடியாது. என்னோடு மட்டும் ஆற அமர நடப்பாய். போலியோ வந்த என் காலைத் தரையில் ஊன்றும்போதெல்லாம் உடம்பு அந்தப் பக்கம் சாயும். அங்கே உன் தோள் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பெண்கள் ஏதோ ரகசியம் பேசிக்கொண்டு போகிற மாதிரித் தெரியும். பல நாள் உண்மையிலேயே ரகசியம்தான் பேசினோம்.

சான்றிதழ் வாங்கச் சொன்னதும் நீதான். எனக்கு விருப்பமில்லை. ஊனம் என்று நானே போய் எழுதி வாங்க வேண்டுமா என்று கேட்டேன். "ஏட்டி, எழுதலைன்னா உன் காலு வளந்துருமா? வேலைக்குக் கோட்டா இருக்கு. கௌரவத்தைப் போட்டுக் கஞ்சி காய்ச்ச முடியாது" என்றாய். அப்பா மில் வேலையை விட்டு நின்றிருந்த நேரம். எனக்கு வேலை வேண்டியிருந்தது.

"சுவரு வரைக்கும் நடந்துட்டு வாம்மா" என்றார் அன்றைய டாக்டர். நான் எழுந்தேன். நீயும் எழுந்து வழக்கம்போல இடது பக்கம் வந்துவிட்டாய். இரண்டு பேருமே யோசிக்கவில்லை. போய்த் திரும்பினோம்.

"நல்லாத்தானம்மா நடக்க? முப்பதுக்கு மேல போட முடியாதே."

"என்ன சார், இப்பத்தான காலை அளந்தீங்க? எம்புட்டுக் குறையுதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்று நீ மல்லுக்கு நின்றாய். எனக்குத்தான் விஷயம் புரிந்தது.

"ஏட்டி, நீ செத்த நேரம் தள்ளி நில்லு" என்றேன்.

"எதுக்கு?"

"நில்லு, சொல்லுதேன்."

தனியாக நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இடது பக்கம் விழுந்து எழுந்தது. தொடையில் கையை ஊன்றித்தான் சுவரருகே திரும்ப முடிந்தது. டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நீ ஜன்னலோரம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாய். இத்தனை வருஷம் கூடவே நடந்த நீ, நான் நடப்பதை ஒரு நாளும் முழுசாகப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்திலேயே இருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

சான்றிதழ் கிடைத்தது. வெளியே வந்ததும் என் பையை வாங்கிக்கொண்டாய். ரோட்டைக் கடக்கக் கையைப் பிடித்தாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. "முன்ன மாதிரி வாரதுன்னா வா. இல்லைன்னா நான் தனியாப் போறேன்" என்றேன். கையை விட்டுவிட்டு நாலடி முன்னால் போய்த் திரும்பினாய். பிறகு, "கவர்மெண்டே சொல்லிருச்சேன்னு ஒரு மரியாதை குடுத்தேன். வேண்டாம்னா போ, உன் பையை நீயே சும" என்று பையை என் கையில் திணித்தாய். தோள் பழைய இடத்துக்கு வந்தது.

அன்று கிடைத்த தகுதியால் வந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். கல்யாணமாகி நீ என் ஊரான ராஜபாளையத்துக்கே வந்ததால் மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் அந்தத் தோள் வந்துகொண்டே இருந்தது. போன ஐப்பசியில், காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை.

இன்றைய டாக்டரும் நடக்கச் சொன்னார். நடந்தேன். பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப எழுதினதைவிட ரொம்பச் சாயிறீங்களேம்மா. எப்ப இருந்து இப்படி?" என்றார்.

"ஐப்பசியில இருந்து சார்."

"எங்கயும் விழுந்தீங்களா?"

"இல்ல சார்."

அவர் சதவீதத்தைக் கூட்டியே எழுதினார். இனி அட்டைக்குப் பயமில்லை. இந்தச் செய்தியை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டேன்.

கிளம்பும்போது ஒரு ஊன்றுகோல் கொடுத்தார்கள். இடது கையில் பிடித்துப் பழகச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டு வரை பழகலாம் என்றுதான் வாசலைத் தாண்டினேன். ஆனால் நீ வந்த அந்தப் பக்கத்தை அதற்குக் கொடுக்க மனம் வரவில்லை. வலது கையில் தூக்கிக்கொண்டு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று, நன்றாகவே சாய்ந்து நடந்து வந்தேன்.