வாய்க்குள் போன சின்ன மீன்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு, உங்கள் வீட்டுக்காரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது. போன வாரம் நான் வேலை செய்யும் வளர்ப்பு மீன் கடையில், வாங்க வந்தவர்கள் முன்னால், கண்ணாடித் தொட்டியை ஓங்கித் தட்டி, “துப்புடா தடியா, துப்பு!” என்று ஒரு மீனைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

என்ன செய்வது? உப்புத்தண்ணீர்த் தொட்டியில் பெரிய மீன் வாயைப் பிளக்க, விரல் நீளச் சின்ன மீன் ஒன்று நேராக உள்ளே போகிறது. அது வெளியே வந்ததும் பதறிப்போய்ச் சின்னதை வலையில் பிடித்து வேறு தொட்டியில் விட்டேன். புண்ணியம் செய்த மிதப்பில் இரண்டு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள் பெரியது இரை எடுக்காமல் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு கிடந்தது.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “அம்மா தாயே, அது இவனுக்குப் பல் டாக்டர்! வாயிலயும் செவுள்லயும் இருக்கிற பூச்சியத் தின்னும். இவனுக்குச் சுத்தம், அதுக்குச் சாப்பாடு” என்றார். அப்போ அந்தப் பூச்சி யார் என்று கேட்டேன். அது ஒட்டுண்ணியாம், உறிஞ்சுமே தவிர ஒன்றும் தராதாம். சுறாமேல் ஒட்டிக்கொண்டு ஓசியில் ஊர் சுற்றுகிற மீனும் உண்டாம். அதனால் சுறாவுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லையாம். சரி, ஆளுக்கொரு குணம் என்று தலையாட்டினேன். உடனே, அந்தப் பல் டாக்டரே சில நேரம் நல்ல சதையிலும் ஒரு கடி கடித்துவிடும் என்று குண்டைத் தூக்கிப் போட்டார். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒரே நாளில் இவ்வளவா? சின்னதைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். பெரியது உடனே வாயைத் திறந்தது.

அன்று சாயங்காலம்தான் உங்கள் கடிதம் வந்தது. தம்பி வேலைவெட்டி இல்லாமல் நம்மை உறிஞ்சுகிறான், இந்த மாதத்துக்குள் கிளப்பிவிடு என்று எழுதியிருக்கிறீர்கள்.

நியாயம்தான். பத்து மணிவரை தூங்குகிறான். நாலு பேர் சாப்பாட்டைத் தின்றுவிட்டு, “அண்ணி, உப்பு கம்மி” என்கிறான். “அதான் சட்டிய வழிச்சு ருசி பாத்தியா மகாராஜா?” என்றால் சிரிக்கிறான். ஆனால் படுக்கையில் கிடக்கிற அத்தை, நான் ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். அவன் கரண்டியோடு உட்கார்ந்தால்தான் வாயைத் திறக்கிறார். மூன்று வாய்க்கு ஒரு வாய் அவனே போட்டுக்கொள்கிறான், அதையும் பார்த்தேன். அத்தைக்கும் அது தெரியும். தெரிந்தும் திறக்கிறார்.

இவன் எந்த ரகம்? எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் அங்கே தனியாகக் கிடந்து உழைப்பதை இங்கே மூன்று பேரும்தானே சாப்பிடுகிறோம்? அப்போ நான் எந்த ரகம்? ஒருமுறை வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள். தபாலில் வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன்.

வரும்வரை உங்களை எந்தக் குறையும் அண்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

எழுத விட்டது: நான் உங்கள் பேச்சைத் தட்டவில்லை. நேற்றுக் காலை மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவன் துணிகளை மூட்டை கட்டி வாசலில் வைத்தேன். அழுக்குத் துணி என்று நினைத்து அவனே எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டான். அவசரத்தில் நான் அலமாரியிலிருந்து உங்கள் வெள்ளைச் சட்டை மூன்றையும், என் புதுச் சிவப்புத் துண்டையும் சேர்த்து அள்ளியிருக்கிறேன். சட்டை மூன்றும் இப்போது ரோஸ்.