நூல் சுற்றிய மோதிரம்

மதினி,

நேற்று மத்தியானம் என் மகள் தொலைக்காட்சியில் பழைய ஆங்கிலத் துப்பறியும் தொடர் ஒன்றை ஓடவிட்டாள். பனிமூட்டத்தில் குதிரை வண்டி வந்து நின்றது. உயரமான தொப்பி வைத்த ஒருவர் இறங்கினார். கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். கே.கே. நகர் வீட்டில் நாம் இருவரும் பார்த்த அதே கதை.

அண்ணன் அந்தக் கறுப்பு வெள்ளை டிவிப் பெட்டியை வாங்கிய புதிது. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலை முடித்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே வளர்ந்த உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. காலேஜில் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பாதிதான் புரியும். மீதியை இட்டுக்கட்டிச் சொல்வேன். "அந்தாளு இம்புட்டு நேரம் பேசுறாரு, நீ ரெண்டு வார்த்தையில முடிச்சுட்ட?" என்று சிரிப்பீர்கள்.

அன்றைய கதையில் ஒரு பெரிய வீடு. அங்கே வலி மருந்து புட்டி புட்டியாகக் காணாமல் போகிறது. வேலைக்காரப் பெண்மேல் பழி. துப்பறிகிறவரோ எஜமானியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மோதிரம் கழன்று விழாமலிருக்க அதில் நூல் சுற்றியிருந்தாள். விரல் மெலிந்துகொண்டே வருகிறது, நோயை மறைத்து மருந்தைத் தானே எடுத்துக் குடிக்கிறாள் என்று அவர் கண்டுபிடித்தார். அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே திரும்பினேன். நீங்கள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டீர்கள்.

உங்கள் மோதிரத்திலும் நூல் இருந்தது.

"என்ன மதினி இது?"

"மாருல ஒரு கட்டி. வலியெல்லாம் இல்ல. தை பொறந்து உன் கல்யாணம் முடியட்டும்னு இருக்கேன். இப்பச் சொன்னா உங்கண்ணன் கல்யாண வேலையப் பாப்பாரா, என்னையப் பாப்பாரா? மாப்ள வீட்லயும் எதையாவது பேசுவாக."

"கல்யாணம் கெடக்கட்டும் மதினி" என்று அழுதேன். அன்று சாயங்காலமே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "காட்டிக் குடுத்துட்டியேடி" என்று நீங்கள் சில நாள் என் முகத்தையே பார்க்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. தையில் கல்யாணமும் நடந்தது. நான்தான் கூட்டிப்போவேன் என்று நீங்கள் அடம்பிடித்து, என் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப்போனீர்கள். யார் யாரைத் தாங்கிக்கொண்டு நடந்தோம் என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பங்குனியில் மறுபடி படுத்தீர்கள். காளவாசலில் இருந்த மாமியார் வீட்டிலிருந்து வந்து வந்து போவேன். ஒருநாள் கேட்டீர்கள்: "அந்தக் கதையில அந்தம்மா பொழச்சுச்சா?"

"பொழச்சு, கடலோரமா ஒரு ஊருக்குப் போயி நல்லா இருந்தாக மதினி."

"எனக்கு இங்கிலீசுதான்டி தெரியாது. கண்ணு தெரியும்ல?" என்றீர்கள். கடைசியில் அந்த வீட்டில் எல்லாரும் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தி நின்றதை நீங்களும்தானே பார்த்தீர்கள். நீங்களே தொடர்ந்தீர்கள்: "நீயும் இப்படிச் சொன்னா, நான் யார்கிட்டத்தான்டி பேசுறது?"

அதன்பிறகு நாம் நிறையப் பேசினோம். பயமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னீர்கள். சித்திரை முடிவதற்குள் போய்விட்டீர்கள்.

அண்ணன் அப்புறம் உங்கள் பேரையே எடுத்ததில்லை மதினி. யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவார். இந்த வருஷம் அவரும் படுத்தார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சரியாகிவிடும் என்றார்கள். ஒரு மத்தியானம், "நான் தேறிருவேனா?" என்று என்னிடம் கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லண்ணே" என்றேன்.

 அதற்குப் பிறகுதான் உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பொழுது சாயும்வரை நிறுத்தவேயில்லை. "பொண்ணு பாக்கப் போனப்ப தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடுத்துட்டுச் சிரிச்சா. ஏன் சிரிச்சான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

இப்போது அவரும் இல்லை. அந்தச் சிரிப்பை நான் கண்ணால் பார்த்தவள் இல்லை மதினி. ஆனால் அதை வைத்திருப்பதற்கு இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன்.