ஆ காட்டச் சொன்ன பாட்டு

3-2-88
இதை வெளியில் சொன்னால் மானம் போகும். சந்தையில் நாலு பேர் என்னையே உற்றுப் பார்த்தார்கள். டிவியில் பார்த்த சனம் என்று நினைத்து, எடுத்த கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு எல்லோருக்கும் கும்பிடு போட்டேன். ஒரு கிழவிக்கு “நல்லா இருங்க” என்று ஆசீர்வாதம் வேறு. வீட்டுக்கு வந்து பார்த்தால், ரவிக்கையைப் புரட்டிப் போட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் வீரணன் போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர். காலையிலேயே கவனித்தாராம். “மெட்ராசு போயிட்டு வந்தவ. அங்கிட்டு இப்பிடித்தான் போடுவாக போலன்னு நெனச்சேன்” என்கிறார்.

6-2-88
போன மாதம் மெட்ராசில் டிவிக்காரர்கள் நடத்திய பாட்டுப் போட்டியில் எனக்கு இரண்டாம் இடம். முதலில் வந்த பிள்ளை சினிமாப் பாட்டுப் பாடியது. நான் பாடியது நானே கட்டியது. “சங்கீதம் எங்கே படிச்சீங்க?” என்று கேட்டார்கள். “ஏலக்காய்க் கிட்டங்கியில” என்றேன். சிரித்தார்கள். நிசத்தைச் சொன்னால் ஏன் சிரிக்கிறார்கள்?

மூட்டை மூட்டையாய் ஏலக்காய் அடுக்கியிருக்கிற எங்கள் முதலாளி ஜக்கையன் கிட்டங்கியில் காய் பொறுக்குகிற பொம்பளைகள் ஓயாமல் பாட வேண்டும். பாடுகிற வாய் ஏலக்காயை மெல்ல முடியாது, அதுதான் கணக்கு. பாட்டு நின்றால் “எவடி அவ, வாயில போட்டது?” என்று சத்தம் வரும். தெரிந்த சினிமாப் பாட்டெல்லாம் தீர்ந்துபோய்த்தான் நானாகக் கட்ட ஆரம்பித்தேன். அப்படிப் பாடியும் அவருக்கு நம்பிக்கை வராது. சாயங்காலம் வரிசையில் நிறுத்தி எங்கள் வாயை மோந்து பார்ப்பார். அதையும் கட்டினேன்:

ஆவுன்னு சொல்லச் சொல்லி
அந்தியில நிக்க வச்சு
எங்க நாக்க மோந்து பாத்தீகளே மொதலாளி — ஒங்க
நாக்குல என்ன வாசம் மொதலாளி?

டிவியில் பாடியது இதைத்தான்.

11-2-88
மதுரையில் கேசட் போடுகிற பொன்னுமணி வீடு தேடி வந்தார். முழுக்க முழுக்க என் பாட்டாகவே ஒரு கேசட் போடலாம் என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

“ஒரே ஒரு வார்த்தைதான்க்கா. மொதலாளிய எடுத்துட்டுக் கண்ணன்னு போடுங்க. பக்திப் பாட்டாயிரும். வீட்டுக்கு வீடு வாங்குவாக.”

“கண்ணன் வாயத் தொறந்து பாத்தது அவுக ஆத்தா. எங்க வாயத் தொறக்கச் சொல்றது மொதலாளிப்பா.”

“அதாங்க்கா பொருத்தமே!”

“மண்ணத் தின்னவருக்கும் மோந்து பாத்தவருக்கும் என்னய்யா பொருத்தம்?”

கண்ணன் இல்லாவிட்டால் கேசட்டும் இல்லையாம். மனசு மாறினால் சொல்லியனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

12-2-88
மாறவில்லை.

15-2-88
முதலாளி கூப்பிட்டு விட்டார். காய் ஏலத்துக்குப் போன இடத்தில் மற்ற வியாபாரிகள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்று, “ஜக்கையண்ணே, எங்க, ஆ காட்டுங்க” என்றார்களாம்.

“ஏத்தா வேலுத்தாயி, என் மானத்த வாங்கிட்டயே.”

“பாட்டுல ஒங்க பேரே இல்லையே மொதலாளி.”

“பேரு இல்லாமலே ஊருக்குத் தெரியுதே!”

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. முகம் கறுத்துப்போய்ச் சொன்னார்: “இனி அந்தப் பாட்ட உள்ளயும் வெளியிலயும் பாடாத. பாடுறதா இருந்தா நாளைக்குச் சோலிக்கு வராத.”

வீட்டுக்கு நடந்து வந்தேன். எனக்குத் தெரிஞ்ச சோலி ரெண்டே ரெண்டுதான்: காய் பொறுக்குறது, பாட்டுக் கட்டுறது. ஒண்ண வச்சுக்கிட்டு ஒண்ண விடுன்னா — எதை விடுறது? கண்ணனையும் வேண்டாம்னு சொல்லியாச்சு. இப்ப மொதலாளியும் போறாரு. பிழைக்கத் தெரியாதவளா நானு?

வீரணனிடம் கேட்டேன். “ஜீப்புல பாடு. அங்க நாந்தான் மொதலாளி” என்றார்.

16-2-88
போகவில்லை. ஜீப்பில் மலை ஏறிப் போடிமெட்டு வரைக்கும் போனேன். ஏறினதிலிருந்து இறங்கும் வரை அந்தப் பாட்டுத்தான். தோட்டத்து வேலைக்குப் போகிற சனம், வளைவுக்கு வளைவு ஒருத்தர் வாயை ஒருத்தர் மோந்து பார்த்துக்கொண்டு வந்தது. வெற்றிலை போட்டவர்கள் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை.

18-2-88
என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிற அன்னக்கொடி வந்து சொன்னாள். நான் வராததிலிருந்து கிட்டங்கியில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லையாம். “பாடுங்கடி” என்றாராம் முதலாளி. “எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் வேலுத்தாயி பாட்டுத்தான் மொதலாளி. அதத்தான் பாடக்கூடாதுன்னுட்டீகளே” என்றாளாம் இவள். அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு நடுவில் உட்கார்ந்து, பொழுதுக்கும் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏலத்துக்குக் கூடப் போகவில்லை.

“நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தூக்கம் தூக்கமா வருதுடி. வெரசா வந்து சேரு” என்கிறாள்.

22-2-88
முதலாளி ஆள் அனுப்பினார். போனேன். உட்காரவில்லை.

“வந்து பாடித் தொலை ஆத்தா.”

“வெளியிலயும் பாடுவேன் மொதலாளி.”

“பாடு.”

“வாய மோந்து பாக்குறதும் கெடையாது.”

அன்னக்கொடி என் முதுகுக்குப் பின்னால் நின்று ‘ஆ’ காட்டினாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “அதான் ஊரே என் வாய மோந்து பாக்குதே. போ, போயிச் சொளக எடுத்துக் காயப் பொறுக்கு.”

இனி இந்தப் பாட்டு எதற்கு என்று வீரணன் கேட்கிறார். மோந்தது நிசம்தானே? பாடுவேன்.

8-5-88
ராசிங்காபுரம் கோயில் பொங்கலுக்கு மேடை போட்டு என்னைப் பாடக் கூப்பிட்டார்கள். ‘டிவி புகழ் வேலுத்தாய்’ என்று மைக்கில் கத்தினார்கள். ரவிக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். கடைசி வரிக்கு நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டமே ‘மொதலாளி’ என்று எடுத்துக் கொடுத்தது. பொன்னுமணியும் வந்திருந்தார். பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து நின்றார்.

“அக்கா, மொதலாளியே இருக்கட்டும்.”

“ஏன்யா, கண்ணனுக்குத் தொண்ட கட்டிக்கிருச்சா?”

19-8-88
கேசட் வந்துவிட்டது. கடையில் வைத்து ஓட்டுகிறார்கள். மதுரையில் ரெக்கார்டு எடுத்த அன்றைக்கு, கடைசி ‘ஆ’வுக்கு வாயை அகலமாகத் திறந்தபோது ஒரு ஈ உள்ளே போய்விட்டது. டேப் ஓடிக்கொண்டிருந்ததால் விழுங்கிவிட்டு மேலே பாடினேன். அந்த இடத்தில் சின்னதாக ஒரு நிறுத்தம் விழுந்திருக்கிறது. அதுதான் உயிரான இடம் என்று பொன்னுமணி சொல்கிறார். கிட்டங்கியில் இப்போது எல்லோரும் அந்த இடத்தில் நிறுத்தி, எச்சிலை விழுங்கிவிட்டுத்தான் பாடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஈ விசயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.